பழைய கார் வாங்குவதும் விற்பதும்: தெரிந்த குறையைச் சொல்லிவிடுங்கள்

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ் ஒருவனுக்கே. சலவாத்தும் சலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், அவர்களின் வழி நடந்த நல்லோர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. அம்மா பஅத்.

அன்பிற்குரிய சகோதரர்களே! அல்லாஹ்வைப் பயந்து வாழுமாறு முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் வஸிய்யத் செய்துகொள்கிறேன்.

தக்வா என்றதும் தொழுகையும் நோன்பும் நம் நினைவுக்கு வருகின்றன. வியாபாரம் என்றதும் கடைக்காரர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். “நான் மாதச் சம்பளக்காரன், எனக்கு என்ன கொடுக்கல் வாங்கல்?” என்று நினைக்கிறோம். ஆனால் இந்த அமீரகத்தில் வாழும் சம்பளக்காரர்களாகிய நாமும் வாழ்நாளில் ஓரிரு முறையாவது வியாபாரி ஆகிவிடுகிறோம். பழைய கார் ஒன்றை வாங்கும்போதும், அதே காரை விற்றுவிட்டு ஊருக்குக் கிளம்பும்போதும் நாம் வியாபாரிகள்தான். இன்றைய ஜும்ஆ உரையில் அந்த ஒரு வியாபாரத்தைப் பற்றிப் பேசுவோம்.

ஒரு சகோதரர் பல முறை டெஸ்ட் கொடுத்து, ஆயிரக்கணக்கில் செலவழித்து லைசென்ஸ் எடுக்கிறார். ஊரிலிருந்து மனைவியும் பிள்ளையும் வருகிறார்கள். கோடைக் காலத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நிற்க முடியவில்லை. புது வண்டிக்கு வசதியில்லை. அப்போது சூப்பர் மார்க்கெட் பலகையிலோ, நம் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலோ ஒரு செய்தி: “முடித்துக்கொண்டு ஊர் போகிறேன். வண்டி விற்பனைக்கு. குடும்பம் ஓட்டியது. ஒரு குறையும் இல்லை.” போய்ப் பார்க்கிறார். விற்பவர் நம்மவர். பள்ளியில் ஒரே ஸஃப்பில் நிற்பவர். “பாய் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்” என்று பணத்தை எடுத்துக் கொடுக்கிறார்.

சகோதரர்களே, அந்த இடத்தில் அவர் காரை நம்பவில்லை. காரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் நம்பியது ஒரு முஸ்லிமின் வார்த்தையை.

மழை பட்ட தானியம்

நபி (ஸல்) அவர்கள் ஒரு நாள் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்றார்கள். அதனுள் தம் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று அந்த வியாபாரியிடம் கேட்டார்கள். அல்லாஹ்வின் தூதரே, மழை பட்டுவிட்டது என்றார் அவர். மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். இது அபூஹுரைரா (ரலி) அறிவிப்பதாக ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்ற ஹதீஸ்.

இந்த ஹதீஸை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் அந்த வியாபாரி சொன்ன பதிலைக் கவனியுங்கள். அவர் பொய் சொல்லவில்லை. மழை பட்டது உண்மைதான். மழையைப் பொழிய வைத்தவன் அல்லாஹ். தானியம் நனைந்ததற்காக நபியவர்கள் அவரைக் கண்டிக்கவில்லை. நனைந்ததை விற்காதே என்றும் சொல்லவில்லை. அதை அடியில் போட்டு, காய்ந்ததை மேலே போட்டதைத்தான் கண்டித்தார்கள்.

இப்போது 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். இந்த நாட்டில் பதிவேடுகள் தொடங்கிய 75 ஆண்டுகளில் கண்டிராத மழை அன்று பெய்தது. அல் ஐன் பகுதியில் கத்ம் அல் ஷக்லா என்ற இடத்தில் 24 மணி நேரத்திற்குள் 254.8 மில்லி மீட்டர் பதிவானது. துபாயிலும் ஷார்ஜாவிலும் தெருக்கள் குளமாயின. பேஸ்மென்ட் பார்க்கிங்கில் நின்ற வண்டிகள் மூழ்கின. முழு இன்சூரன்ஸ் எடுத்திருந்தவர்களுக்கு நஷ்டஈடு கேட்க வழி இருந்தது. தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்திருந்தவர்களுக்கு அது இல்லை. அவர்களில் பலர் நம்மைப் போன்ற குறைந்த சம்பளக்காரர்கள்தான்.

மழை பட்டுவிட்டது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் மதீனாவின் சந்தையில் சொன்ன அதே பதில் இங்கேயும் பொருந்துகிறது. அப்படியானால் நபியவர்களின் அந்தக் கேள்வியும் பொருந்தும்: மக்கள் பார்க்கும்படி அதை ஏன் மேலே வைக்கவில்லை?

எனக்குத் தெரிந்த ஒரு வண்டி

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். அதில் சம்பந்தப்பட்டவர்கள் யாரென்று தேட வேண்டாம். அதில் தவறு செய்தவர்களில் நானும் ஒருவன் என்பதால்தான் சொல்கிறேன்.

அந்த மழையின்போது ஒரு சகோதரரின் கார் இரண்டு நாட்கள் தண்ணீரில் நின்றது. சீட்டின் பாதி உயரம் வரை தண்ணீர். நானே என் கண்ணால் பார்த்தேன். அவரிடம் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்தான் இருந்தது. யாரோ ஒரு மெக்கானிக்கைப் பிடித்துக் காய வைத்து, கார்ப்பெட்டை மாற்றி, புது சீட் கவர் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். நான்கு மாதம் கழித்து அதை விற்க முனைந்தார். வாங்க வந்தவர் ஓர் இளைஞர். புதிதாக லைசென்ஸ் எடுத்தவர், கைக்குழந்தை உள்ளவர். 18,000 திர்ஹம் விலை பேசினார்கள்.

அந்த இளைஞர் என்னிடம் வந்து, “ஹஜ்ரத், நீங்களும் கூட வந்து பிஸ்மில்லாஹ் சொல்லிக் கொடுங்கள்” என்று கூப்பிட்டார். நான் போனேன். வண்டி பளபளவென்று நின்றது. விற்பவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இருவருக்கும் தெரியும். அவர் எனக்குப் பத்து வருடப் பழக்கம். “இவர் வயிற்றில் நாம் ஏன் அடிக்க வேண்டும், விற்பது அவர், சொல்ல வேண்டியதும் அவர்தானே” என்று என் மனம் சொன்னது. நான் பரக்கத்துக்காக துஆ செய்துவிட்டு வந்தேன்.

மூன்றாவது மாதம் ஒரு நாள் இரவு அந்த வண்டி எமிரேட்ஸ் ரோட்டில் நின்றுவிட்டது. லைட் எரியவில்லை, கதவின் லாக் வேலை செய்யவில்லை. உள்ளே குழந்தை. அல்லாஹ் காப்பாற்றினான், பின்னால் வந்த ஒருவர் வண்டியை நிறுத்தி உதவினார். கேரேஜில் உள்ளே பிரித்துப் பார்த்தபோது வயர்களெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தன. அடியில் சேறு காய்ந்து கிடந்தது. அந்த இளைஞர் என்னிடம் வந்து கோபப்படவில்லை. “ஹஜ்ரத், உங்களுக்கு முன்னாலேயே தெரியுமாமே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்று மட்டும் கேட்டார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. கியாமத் நாளில் அதே கேள்வி கேட்கப்பட்டால் அங்கே என்ன பதில் சொல்வேன் என்ற பயம்தான் இன்றும் என்னிடம் இருக்கிறது.

சகோதரர்களே, ஒரு பழைய கார் கைமாறும் இடத்தில் மூன்று பேர் நிற்கிறார்கள். விற்பவர், வாங்குபவர், விவரம் தெரிந்து பக்கத்தில் நிற்பவர். மூவர் மீதும் மார்க்கம் பொறுப்பைச் சுமத்தியிருக்கிறது.

விற்பவரின் பொறுப்பு

அரபுகளிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒட்டகத்தையோ ஆட்டையோ விற்பதற்கு முன் சில நாட்கள் பால் கறக்காமல் மடியைக் கட்டிவைப்பார்கள். மடி பெருத்து நிற்கும். வாங்குபவர் நிறையப் பால் தரும் என்று நினைத்து அதிக விலை கொடுப்பார். நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்தார்கள். அப்படிப்பட்ட பிராணியை ஒருவர் வாங்கிவிட்டால், கறந்து பார்த்த பிறகு விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுக்கலாம் என்று உரிமை வழங்கினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இந்த ஹதீஸ் இருக்கிறது.

இரண்டு இலட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியின் மீட்டரைத் தொண்ணூறாயிரத்துக்குக் குறைப்பது இந்த மடி கட்டும் வேலைதான். எச்சரிக்கை விளக்கு எரியாமலிருக்க அதன் இணைப்பைத் துண்டிப்பதும், சத்தம் வரும் இன்ஜினில் கெட்டியான ஆயிலை ஊற்றி இரண்டு நாள் சத்தத்தை அடக்குவதும், விபத்தில் நொறுங்கி வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான வண்டியை இங்குள்ள வெயிலுக்கென்றே தயாரான ஜிசிசி வண்டி என்று சொல்வதும் அதே வேலைதான். அன்று கயிறு, இன்று லேப்டாப்.

சிலர் கேட்கிறார்கள்: “நான் இருக்கிற நிலையில்தான் விற்கிறேன். பார்த்து வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டேன். பாஸிங்கும் ஆகியிருக்கிறது. பிறகு என் மேல் என்ன குற்றம்?” குறைகளுக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனையோடு விற்பதைப் பற்றி மத்ஹபுகளுக்கிடையே சட்டக் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் தனக்குத் தெரிந்த குறையை மறைப்பது பாவம் என்பதில் எந்த வேறுபாடும் இல்லை. பாஸிங் என்பது அன்றைக்கு வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்ற அத்தாட்சி. அது தண்ணீரில் நின்ற வண்டியா என்பதை அந்தக் காகிதம் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது உங்கள் நாவு.

“சொன்னால் விலை குறையுமே” என்று தோன்றும். குறையும்தான். ஆனால் வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசி, குறையைத் தெளிவுபடுத்திவிட்டால் அந்த வியாபாரத்தில் பரக்கத் செய்யப்படும். மறைத்துப் பொய் சொன்னால் அதன் பரக்கத் அழிக்கப்படும் என்று நபியவர்கள் சொன்னதாக ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அறிவிக்கிறார்கள். சொன்னதால் குறையும் மூவாயிரம் திர்ஹம் நம் கண்ணுக்குத் தெரிகிறது. மறைத்ததால் போகும் பரக்கத் தெரிவதில்லை. அந்தப் பணம் ஊரில் வீட்டு வேலைக்கும், பிள்ளையின் படிப்புக்கும், ஏன், உம்ராவுக்கும்கூடப் போகிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

வாங்குபவரின் பொறுப்பு

வாங்குபவருக்கும் பாடம் உண்டு. விசா கேன்சல் ஆகி, ஊருக்குப் போக நாட்களை எண்ணிக்கொண்டிருப்பவரிடம் வண்டி இருக்கிறது. அவருக்கு வேறு வழியில்லை என்று தெரிந்துகொண்டு, கடைசி நாள் வரை இழுத்தடித்து, 20,000 பெறுமானமுள்ள வண்டியை 9,000க்கு வாங்கிவிட்டு, “நல்ல மாட்டு மாட்டினேன்” என்று ரூமில் வந்து சொல்லிச் சிரிப்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள்.

ஜரீர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள், தொழுகையை நிலைநாட்டுவதாகவும், ஜகாத் கொடுப்பதாகவும், ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாகவும் நபி (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்தவர்கள். அவர்களின் பணியாளர் ஒருவர் 300 திர்ஹத்துக்கு ஒரு குதிரையை விலை பேசி, பணம் வாங்கிக்கொள்ள உரிமையாளரை அழைத்து வந்தார். ஜரீர் (ரலி) குதிரையைப் பார்த்தார்கள். உன் குதிரை 300க்கு மேல் பெறும், 400க்குத் தருகிறாயா என்று கேட்டார்கள். பிறகு தாமாகவே நூறு நூறாக உயர்த்தி 800 திர்ஹம் கொடுத்து வாங்கினார்கள். தபரானியில் பதிவான இந்தச் செய்தியை இமாம் நவவி (ரஹ்) அவர்களும் எடுத்துச் சொல்கிறார்கள்.

அந்த அளவுக்கு நம்மால் உயர முடியாமல் போகலாம். பேரம் பேசுவதில் தவறில்லை, அது ஹலால். ஆனால் பேரம் வண்டியின் குறையைக் காட்டி இருக்கட்டும், மனிதனின் நெருக்கடியைக் காட்டி வேண்டாம். இல்லாத குறையை இருப்பதாகச் சொல்லி விலையைக் குறைப்பதும் பொய்தான். இன்னொரு சகோதரர் விலை பேசி முடித்த வண்டியை, “நான் ஆயிரம் சேர்த்துத் தருகிறேன்” என்று இடையில் புகுந்து பறிப்பதையும் நபியவர்கள் தடுத்திருக்கிறார்கள்.

அதே நேரம், ஏமாறுவது தக்வா ஆகாது. வியாபாரத்தில் அடிக்கடி ஏமாற்றப்பட்ட ஒரு மனிதர் நபி (ஸல்) அவர்களிடம் வந்தபோது, வியாபாரம் பேசும்போதே ஏமாற்று இருக்கக்கூடாது என்று சொல்லிவிடும்படி அவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஆகவே வெட்கப்படாமல் கேளுங்கள்: விபத்து நடந்ததா? தண்ணீரில் நின்றதா? மீட்டர் உண்மையானதா? இன்ஜின், கியர்பாக்ஸ் பிரிக்கப்பட்டதா? சேஸிஸ் எண்ணை வைத்து வண்டியின் விபத்து விவரத்தைப் பாருங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த கேரேஜில் காசு கொடுத்துச் சோதியுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். தண்ணீர்க் கறை அங்கே தங்கியிருக்கும். ஸ்பேர் டயர் இருக்கும் குழியையும், சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளையும் பாருங்கள், துரு சொல்லிவிடும். இது சந்தேகப் புத்தி அல்ல. உங்கள் பிள்ளைகள் ஏறப்போகும் வண்டி அது.

தெரிந்தவரின் பொறுப்பு

மூன்றாமவர்தான் நாம் மறந்துபோனவர். வாஸிலா பின் அல்அஸ்கஃ (ரலி) அவர்களின் வீட்டிலிருந்து ஒருவர் ஒட்டகம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். வாஸிலா (ரலி) தம் கீழாடை தரையில் இழுபட, அவருக்குப் பின்னால் விரைந்து வந்தார்கள். ஒட்டகத்தில் உள்ளதை உன்னிடம் சொன்னார்களா என்று கேட்டார்கள். என்ன இருக்கிறது, பார்க்கக் கொழுத்து நன்றாகத்தானே இருக்கிறது என்றார் அவர். பயணத்துக்கா, இறைச்சிக்கா என்று கேட்டார்கள். ஹஜ்ஜுக்குப் போக என்றார். அப்படியானால் அதன் பாதத்தில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். ஒட்டகத்தின் சொந்தக்காரருக்கு வருத்தம். என் வியாபாரத்தைக் கெடுக்கிறீர்களே என்றார். அதற்கு வாஸிலா (ரலி), பொருளில் உள்ள குறையைச் சொல்லாமல் விற்பது ஆகுமாகாது, அதை அறிந்தவர் சொல்லாமல் இருப்பதும் ஆகுமாகாது என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதைத் தாம் கேட்டதாகச் சொன்னார்கள். இது முஸ்னத் அஹ்மதில் இருக்கிறது.

அறிந்தவரும் சொல்ல வேண்டும்! பார்க்கிங்கில் நான் வாய் மூடி நின்றபோது இந்த ஹதீஸ் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் நின்றேன். அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

“அது புறம் பேசுவதாகாதா?” என்று கேட்கலாம். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, நபியவர்கள் அவ்விருவரிடமும் இருந்த குறையைச் சொன்னார்கள். ஒருவர் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காகத் தேவையான அளவு சொல்வது புறமாகாது என்று உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு குறையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். விற்பவரின் குடும்பக் கதையெல்லாம் வேண்டாம். முதலில் விற்பவரைத் தனியே அழைத்து, “நீங்களே சொல்லிவிடுங்கள்” என்று சொல்வது அழகான வழி. அவர் சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். மெக்கானிக்காக இருப்பவர்களும், கமிஷன் பெறும் புரோக்கர்களும் இதில் அதிகக் கவனமாக இருக்க வேண்டும்.

சூரத்துல் பகராவின் 283ஆவது வசனம், சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குள்ளானது என்று எச்சரிக்கிறது. நாவைச் சொல்லாமல் உள்ளத்தைச் சொல்கிறான் அல்லாஹ். மௌனம் அங்கேதான் உருவாகிறது.

அல்லாஹ் என்னையும் உங்களையும் மன்னிப்பானாக.

இரண்டாவது குத்பா

அல்ஹம்துலில்லாஹ், வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலில்லாஹ்.

சகோதரர்களே, செய்ய வேண்டிய சில காரியங்களைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, எழுதிக்கொள்ளுங்கள். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம், கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது. “பாதி இப்போது, மீதி மாதா மாதம்” என்று பேசினால் தொகையையும் தேதியையும் எழுதி, சாட்சிகளை வைத்துக்கொள்ளுங்கள். “நமக்குள் என்ன எழுத்து?” என்று தொடங்கிய எத்தனையோ நட்புகள் முறிந்துபோயிருக்கின்றன.

இரண்டாவது, முல்கியாவில் பெயர் மாற்றாமல் சாவியைக் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள். வண்டியின் மேல் இருக்கும் அபராதத்தையும் பேங்க் கடனையும் முன்கூட்டியே சொல்லித் தீர்த்துவிடுங்கள். பெயர் மாறாத வண்டியில் வாங்கியவர் செய்யும் தவறுக்கு அபராதம் விற்றவர் பெயரில்தான் வரும். ஒருவர் செய்த தவறை இன்னொருவர் சுமப்பது அநியாயம்.

மூன்றாவது, வட்டிக் கடனில் வாங்கப் போகாதீர்கள். இஸ்லாமிய முறையிலான முராபஹா என்று சொன்னாலும், பேங்க் அந்த வண்டியை முதலில் தன் உடைமையாக வாங்கிய பிறகுதான் உங்களுக்கு விற்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான்காவது, “நான் ஏற்கெனவே மறைத்து விற்றுவிட்டேனே” என்று இங்கே யாருடைய உள்ளமாவது உறுத்தினால், அந்த உறுத்தல் அல்லாஹ் தந்த ரஹ்மத். விற்ற பொருளில் முன்பே இருந்த குறை பிறகு தெரியவந்தால், திருப்பிக் கொடுக்கும் உரிமையை மார்க்கம் வாங்கியவருக்கு வழங்கியிருக்கிறது. தீனாரும் திர்ஹமும் பயன் தராத அந்த நாள் வருமுன், இன்றே தன் சகோதரனிடம் கணக்குத் தீர்த்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருப்பதாக புகாரியில் வருகிறது. இஸ்திக்ஃபார் மட்டும் போதாது; மனிதனின் ஹக்கை மனிதனிடம்தான் தீர்க்க வேண்டும்.

நான் சொன்ன அந்த நிகழ்ச்சியிலும் அல்லாஹ் ஒரு வழியைத் திறந்தான். ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு நாங்கள் மூவரும் பள்ளியின் ஓரத்தில் உட்கார்ந்தோம். நான் அந்த இளைஞரிடம் மன்னிப்புக் கேட்டேன். விற்றவர் முதலில் தலை குனிந்து இருந்தார். பிறகு, “தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ், ஹஜ்ரத். எனக்கும் வேறு வழி தெரியவில்லை” என்று அழுதார். 7,000 திர்ஹத்தை மாதம் 700 வீதம் பத்து மாதங்களில் திருப்பிக் கொடுப்பதாக எழுதிக் கையெழுத்திட்டார். இளைஞர் மீதியை ஹலாலாக்கினார். கொடுத்து முடித்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். முதல் நாளே பார்க்கிங்கில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இத்தனை பேருக்கும் இந்த வேதனை இல்லை.

இந்த வாரம் உங்களில் யாராவது ஒரு வண்டியைப் பார்க்கப் போகலாம், காட்டப் போகலாம், துணைக்குப் போகலாம். எந்த இடத்தில் நின்றாலும், தெரிந்ததைச் சொல்லிவிடுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாக ஆக்குவாயாக. நாங்கள் வாங்குவதிலும் விற்பதிலும் பரக்கத் செய்வாயாக. மறைத்தவற்றை மன்னித்து, தீர்க்க வேண்டியதைத் தீர்க்கும் மனவலிமையைத் தருவாயாக. வெளிநாட்டில் உழைக்கும் எங்கள் சகோதரர்களையும், ஊரில் காத்திருக்கும் அவர்களின் குடும்பங்களையும், சாலைகளில் பயணிக்கும் எங்கள் பிள்ளைகளையும் பாதுகாப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.